முள்ளுக்குப் பயந்து பாலை மறக்கிறோம்!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'கேக்டஸ் போன்ற முள் செடிகளை வீட்டில் வைக்காதீர்கள். குடும்பத்தில் சண்டை வரும், கையில் காசு தங்காது' என்று எழுதியிருந்தார். அடுத்த வாரமே இன்னொரு சகோதரி, 'அதெல்லாம் மூடநம்பிக்கை. எல்லாரும் தாராளமாக வாங்கி வையுங்கள், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்' என்று பதில் எழுதினார். இரண்டு பேர் சொன்னதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலாமவர் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

முதலில் அந்தச் சண்டை விஷயத்தை முடித்துவிடுவோம். முள் இருந்தால் ஆகாது என்றால் ரோஜாவை என்ன செய்வது? எலுமிச்சையில் முள் இல்லையா? சிவனுக்கு உகந்த வில்வ மரத்தில் முள் இல்லையா? இன்னொன்றும் சொல்கிறேன். நம்மில் பல பேர் வீட்டில் 'பிரம்ம கமலம்' என்று ஒரு செடி வைத்திருக்கிறோம். வருஷத்தில் சில ராத்திரிகள் மட்டும் வெள்ளை வெளேரென்று பூக்கும். அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, விடிவதற்குள் வாடிவிடுமே என்று கண் விழித்துப் பார்க்கிறோம். அது என்ன செடி தெரியுமா? அசல் கேக்டஸ்! மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தின் மேல் ஒட்டி வளர்வது. இலை மாதிரி இருப்பது இலை அல்ல, தட்டையான தண்டு. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் பனிக்குப் பக்கத்தில் பூக்கும் வேறு ஒரு செடி; உத்தரகண்ட் மாநிலத்தின் மாநில மலர் அது. ஆக, கேக்டஸ் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே கேக்டஸுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறோம்! அதனால் எந்த வீட்டிலும் சண்டை வந்ததாக நான் கேள்விப்படவில்லை. சண்டைக்குக் காரணம் வேறு நிறைய இருக்கிறது, அது இந்தக் கடிதத்தில் அடங்காது.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? பாலுக்கு.

நர்சரியில் போய் நின்றால் முள்ளோடு இருப்பது, சதைப்பிடிப்பாக இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், 'கேக்டஸ்'. நாமும் தமிழில் எல்லாவற்றையும் 'கள்ளி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை வேறு வேறு குடும்பம். கேக்டஸ் குடும்பத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். (ஒரே ஒரு தொங்கும் வகை மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது.) நம்ம ஊர்ச் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூபோர்பியா என்ற வேறொரு குடும்பம். இவற்றைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். கேக்டஸைக் கீறினால் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் வரும்.

கீறாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேக்டஸில் முள் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று உற்றுப் பாருங்கள். அந்த இடத்தில் பஞ்சு வைத்த மாதிரி ஒரு குட்டி மெத்தை இருக்கும். அதிலிருந்துதான் முள், பூ, கிளை எல்லாம் வரும். இந்தப் பஞ்சு மெத்தை இல்லாவிட்டால் அது கேக்டஸ் இல்லை. சதுரக்கள்ளி மாதிரி யூபோர்பியா வகைகளில் முள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, மாட்டுக் கொம்பு மாதிரி, விளிம்போரமாக இருக்கும், பஞ்சு இருக்காது. சந்தேகமாக இருந்தால், கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, முகத்துக்குத் தள்ளிப் பிடித்து, அடித்தண்டில் ஊசியால் லேசாகக் குத்திப் பாருங்கள். பால் வந்தால் அது நம்ம கள்ளி ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம். (மாமிலேரியா என்ற உருண்டைக் கேக்டஸ் சிலவற்றிலும் பால் போல வரும். ஆனால் அதில் பஞ்சு மெத்தை இருப்பதால் குழப்பம் வராது.) குத்திய ஊசியைத் தையல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் சப்பாத்திக்கள்ளி. பெயரில் கள்ளி இருக்கிறது, நம்ம கிராமத்து ஓடைக்கரையில் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது, ஆனால் அதுதான் அசல் கேக்டஸ். வெளிநாட்டிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் சென்னை சைதாப்பேட்டையில் இதற்காகவே தோட்டம் போட்டிருக்கிறார். பிறகு சப்பாத்திக்கள்ளி வகைகள் தென்னாட்டுத் தரிசெல்லாம் பரவி, ஆடு மாடு மேய இடமில்லாமல் செய்தன. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கின. அதற்கு நேர் எதிர் ரணகள்ளி. அதிலும் கள்ளி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் முள்ளும் இல்லை, பாலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புத்தகத்துக்குள் இலையை வைத்து, ஓரத்தில் குட்டிச் செடி முளைக்கிறதா என்று பார்ப்போமே, அதேதான். எங்கள் பக்கம் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்பார்கள். (சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று இதைக் கண்டபடி மெல்லுகிறார்கள். இதன் இனத்துச் செடிகளைத் தின்ற ஆடு மாடு செத்துப்போவது உண்டு. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.)

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். திருகுகள்ளியை உங்களுக்குத் தெரியும். இலையே இல்லாமல் பச்சைக் குச்சி குச்சியாக இருக்கும், காட்டு வேலிக்கு வைப்பார்கள். உலகத்துக்கெல்லாம் அதன் விஞ்ஞானப் பெயரிலேயே 'திருக்கள்ளி' என்ற நம்ம பக்கத்துச் சொல்தான் இருக்கிறது. கேரளத்து மூலிகைகளைப் பற்றிய பழைய டச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்து லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர். இந்தச் செடிதான் இன்று சின்னப் பீங்கான் தொட்டியில் உட்கார்ந்து 'பென்சில் கேக்டஸ்' என்ற பெயரில் விலைக்கு வருகிறது. வரவேற்பறை மேஜையில், டிவி பக்கத்தில், குழந்தை எட்டுகிற உயரத்தில் வைக்கிறார்கள்.

கள்ளிப்பாலின் குணம் நமக்குத் தெரியாதா? உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களுக்கு அதைப் புகட்டிய கொடுமை 1980-களில் பத்திரிகைகளில் வந்தபோது நாடே தலைகுனிந்தது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்ததே அந்தக் கொடுமையை நிறுத்தத்தான். கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வயிறு கலங்குகிறது. அதே பால் இங்கிலீஷ் பெயரில், பளபளப்பான தொட்டியில் வந்தால் மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. சண்டை வரும் என்று பயந்து, பால் இல்லாத பந்துக் கேக்டஸைத் தூக்கி வெளியில் வைத்துவிட்டு, முள் இல்லை என்பதற்காக இதை வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டு வாசல் தூணில் பூக்கிற யூபோர்பியா வைத்திருந்தார்கள். சிவப்பு, ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக எப்போதும் பூத்துக்கொண்டே இருக்குமே, கிறிஸ்துவின் முள்முடி என்று சொல்வார்கள், அது. மூன்று வயதுக் குழந்தை பூவை ஒடித்து விளையாடிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டது. முள் குத்திவிட்டதோ என்று கையைத்தான் பார்த்தார்கள். குழந்தை வீரிட்டு அழவும், வீட்டுப் பெரியவர், "தாய்ப்பாலு ரெண்டு சொட்டு விட்டாச் சரியாப் போயிரும் தாயி" என்றார். அப்படியே செய்தார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியது. ராத்திரி பார்த்தால் கண் வீங்கி, திறக்கவே முடியவில்லை. விடியற்காலையில் கண் டாக்டரிடம் ஓடினார்கள். கருவிழியில் மேல்தோல் உரிந்திருக்கிறது என்றார் டாக்டர். பத்து நாள் மருந்து போட்டுச் சரியானது, கடவுள் புண்ணியம். "முள்ளுன்னுதான் மதினி பயந்தேன், பூவுன்னு விட்டுட்டேன்" என்று அந்தப் பெண் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

கள்ளிப்பால் கண்ணில் பட்டால் சில சமயம் உடனே பெரிதாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி ஏறும். ஆகவே தாய்மார்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். முதலில் நம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு குழந்தையின் கண்ணை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை மெதுவாக, விடாமல், குறைந்தது கால் மணி நேரம் ஊற்றிக் கழுவ வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் எதுவும் விடக் கூடாது. அழுகை நின்றாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். என்ன செடி என்று சொல்லத் தெரியாவிட்டால், ஒரு கிளையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அடீனியம் என்று ஒன்று இப்போது மாடிக்கு மாடி நிற்கிறது, பாலைவன ரோஜா என்பார்கள். அடித்தண்டு பானை மாதிரி பருத்து, மேலே ரோஸ் நிறப் பூ. இது கேக்டஸும் இல்லை, ரோஜாவும் இல்லை. அரளிக் குடும்பம். அரளி என்று சொன்னால் நம் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் இதன் சாற்றை அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். அழகான செடிதான், வளர்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கிளை வெட்டினால் கையைக் கழுவுங்கள். குழந்தை வாயில் வைக்காத உயரத்தில் வையுங்கள்.

கற்றாழையிலும் இந்தக் குழப்பம் உண்டு. சோற்றுக்கற்றாழையை முகத்துக்கும் தலைக்கும் தடவுகிறோம். ரயில் பாதை ஓரத்தில் பெரிது பெரிதாக நிற்கும் ஆனைக்கற்றாழையும் ஒரு கற்றாழைதானே என்று எடுத்துத் தடவினால் தோல் எரிந்து தடித்துப் போகும். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் உள்ளே வழவழவென்று சோறு இருக்கும்; ஆனைக்கற்றாழையை ஒடிக்க வராது, நார் நாராக இழுக்கும், நுனியில் கோணி ஊசி மாதிரி முள் நிற்கும். சோற்றுக்கற்றாழையிலும் தோலுக்கு அடியில் மஞ்சளாக வடிவது வேறு, சோறு வேறு. அந்த மஞ்சள் நீர் வயிற்றைக் கலக்கிப் பேதியாக்கும். மடலை வெட்டிச் சாய்த்து வைத்து அதை வடியவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகுதான் சோற்றைத் தொட வேண்டும். கர்ப்பிணிகள் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவு சொல்கிறாளே, இவள் செடியே வேண்டாம் என்கிறாளோ என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைப் போல் ஏற்ற செடி வேறு இல்லை. இவை பகலில் மூச்சுத் துவாரத்தை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறக்கின்றன. அதனால் வெயிலில் தண்ணீர் வீணாவதில்லை. ராத்திரி சேர்த்த காற்றைப் புளிப்பாக மாற்றி இலைக்குள் வைத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன ரணகள்ளி இலை காலையில் புளிக்கும், உச்சிப்பொழுதில் சப்பென்றாகும் என்று தரங்கம்பாடிக்கு வந்து நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மன்காரர் எழுதி, அது 1815-ல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதும் இந்தச் சிக்கனத்தால்தான். திருஷ்டி பட்டதா இல்லையா என்பதை அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்!

ஆனால் தண்ணீரே வேண்டாம் என்று அந்தச் சகோதரி எழுதியதும் சரியில்லை. மண் நன்றாகக் காய்ந்த பிறகு, தொட்டியின் அடி ஓட்டை வழியாக வெளியேறும் வரை ஊற்ற வேண்டும். அப்புறம் மறுபடி காயும் வரை தொடக் கூடாது. தினமும் ஒரு டம்ளர் ஊற்றுவதுதான் இவற்றுக்கு எமன். வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை, பனிக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்பது என் கணக்கு; உங்கள் ஊர் வெயிலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். பிரம்ம கமலத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அது காட்டுச் செடி, மர நிழல் வேண்டும், மண் லேசாக ஈரமாக இருக்க வேண்டும்.

எங்கள் கரிசல் மண் இதற்கு ஆகவே ஆகாது. பருத்திக்கு நல்லது, கள்ளிக்கு எமன். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் ஒரு பங்கு, கரடுமுரடான மணலோ உடைத்த செங்கல் பொடிசோ இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு அரைப் பங்கு போதும். எம்-சாண்ட் என்றால் கழுவி, மாவு போன தூசியை நீக்கிவிட்டுக் கலக்குங்கள். கிளை ஒடித்து நடுவதானால் வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய வேண்டும், பச்சையாக நட்டால் அழுகும். மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுங்கள். சப்பாத்திக்கள்ளியின் பொடி முள் கையில் ஏறினால் தேய்க்காதீர்கள். செலோடேப்பை ஒட்டி உரித்தெடுத்தால் ஓரளவு வந்துவிடும்.

காசு விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். கேக்டஸ் தலையில் காய்ந்த காகிதம் போன்ற பூவைப் பசை வைத்து ஒட்டி விற்கிறார்கள். வாடாமல் மாதக்கணக்கில் இருக்கிறதே என்று சந்தோஷப்படுவோம். ஒட்டிய இடத்தில் செடிக்குத்தான் புண். லேசாக அசைத்துப் பாருங்கள், பசை தெரியும். சிவப்பு, மஞ்சள் பந்து வைத்த கேக்டஸ் ஒட்டு என்று தெரிந்து வாங்குங்கள். அந்தப் பந்தில் பச்சையம் இல்லை, கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. சில வருஷத்தில் போய்விடும். சிறு இலையோடு 'ஜேட்' என்று விற்பதும் பெரும்பாலும் ஜேட் இல்லை. ஆப்பிரிக்காவில் யானை தின்னும் வேறு ஒரு செடி. இதில் ஏமாற்றம் உண்டே தவிர ஆபத்து இல்லை, அழகாகவே வளரும். வாங்கலாம்.

நர்சரிக்காரர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. தொட்டியில் ஒரு குச்சி சொருகி, செடியின் பெயரும் 'பால் உண்டு, கண்ணில் படக்கூடாது' என்ற நாலு வார்த்தையும் எழுதி வைக்க வேண்டும். எலி மருந்துக்கும் பினாயிலுக்கும் எச்சரிக்கை எழுதித்தானே விற்கிறார்கள்? நாங்கள் செடி வாங்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்படி எழுதி வச்சா யாருக்கா வாங்குவாக?" என்று சிரித்தார். "குழந்தை இல்லாத வீட்டுல வாங்குவாக. குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேற செடியக் காட்டு, அதையும் வாங்குவாக. ஒனக்கு என்ன நட்டம்?" என்றேன். போன வாரம் போனபோது அடீனியம் வரிசைக்கு மட்டும் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். திருகுகள்ளிக்கு இன்னும் 'பென்சில் கேக்டஸ்' என்றுதான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது மறுபடி கேட்பேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள் சகோதரிகளே.

— ஒரு வாசகி, விருதுநகர்.